விளக்கு முன்னால் அரை மணி

விளக்கை நேராப் பார்க்கக் கூடாது. கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, செவுத்தையோ காப்பி டம்ளரையோ பார்த்துக்கிட்டு அரை மணி நேரம் சும்மா உக்காரணும், வெளிச்சம் தானா கண்ணு வழியா உள்ள போய் அது வேலையப் பார்த்துக்கும்னு தூக்கத்துக்குப் பார்க்கிற டாக்டர் ரெஹானா சொன்னாங்க. உள்ளன்னா எங்க? அந்த ஆச்சரியம்தான் எனக்கு இன்னும் அடங்கலை. ரெண்டு கண்ணுல இருந்தும் பின்னால போற நரம்பு ஒண்ணை ஒண்ணு தாண்டுற இடத்துக்கு மேல, ஒரு அரிசி அளவு இருக்குமாம், அவ்வளவுதானாம் உடம்போட கடிகாரம். பொன்னி அரிசியா சீரகச் சம்பாவான்னு கேட்டேன். அந்தம்மா சிரிக்கலை, சீரகச் சம்பான்னே வெச்சுக்கோங்கன்னாங்க. அந்த அரிசி சொல்ற நேரத்தைத்தான் கல்லீரலு, வயிறு, தோலு எல்லாம் கேட்டு நடக்குதாம். மங்கையர்க்கரசின்னு எனக்கு இவ்வளவு நீளமா ஒரு பேரு, முப்பத்தொன்பது வயசு, ஒரு புருஷன், ஒரு பொண்ணு, திறந்தா மூடாத வாயி, இத்தனையையும் ஒரு அரிசி ஆட்டி வைக்குதுன்னா பாரேன். மணி ஆறு தாண்டியிருக்கு. நானா எழுந்தேன். அலாரம் இல்ல, யாரும் தட்டலை, கண்ணு தானாத் திறந்துச்சு. திறந்ததும் பயந்துட்டேன், சாயங்காலம் ஆறோன்னு. அப்புறம் பால்காரன் சைக்கிள் மணி, எதிர் வீட்டுல தண்ணி மோட்டார், காக்கா. அடேயப்பா, இந்தக் காக்கா எல்லாம் இவ்வளவு சீக்கிரமே வேலைக்கு வந்துருமா? அடுப்படியில தோசைக்கல்லை வெக்கிற சத்தம் வேணும்னே கொஞ்சம் பலமாக் கேக்குது. செண்பகம். என் வீட்டுக்காரரோட தங்கச்சி. பெரிய லீவுக்குத் தன்கூட இருந்த என் பொண்ணை நேத்துதான் திருச்சியில இருந்து கொண்டாந்து விட்டா. இன்னிக்கு இனியாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, நாலாங்கிளாஸ். நான் எழுந்து, அவளை எழுப்பி, கிளப்பி, வேன்ல ஏத்தி விட்டுட்டா அவ இங்கயே என்கூட இருப்பா. இல்லன்னா செண்பகம் இன்னிக்கே டிசியை வாங்கிக்கிட்டு அவளைத் திருச்சிக்கே கூட்டிட்டுப் போயிருவா. அங்க ஒரு ஸ்கூல்ல சீட்டுக்குச் சொல்லியும் வெச்சாச்சு.

செண்பகத்தைக் குத்தம் சொல்லவும் வாய் வரலை. அவ கெட்டவ இல்ல. கெட்டவளா இருந்தா எனக்கு எவ்வளவு சௌகரியமா இருந்திருக்கும். அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க, அண்ணன் இருந்த வரைக்கும் சரி, அவனையும் ஓசூருக்கு மாத்திட்டாங்க, நீங்க பதினொன்றரைக்கு எழுந்தா அந்தப் பிள்ளைய யாரு பார்க்கிறதுன்னு ஏப்ரல்ல கேட்டா. உண்மையத்தானே கேட்டா. பன்னிரண்டு வருஷம் நான் ராத்திரி வேலை. பெருங்குடியில ஒரு கட்டடத்துல ஆறாவது மாடி, ஒஹாயோ ஊர்க்காரங்க ஆஸ்பத்திரி பில்லு விஷயமா போன் பண்ணுவாங்க, நான் மேகின்னு பேரு சொல்லிப் பேசுவேன். அவங்களுக்குக் காலை, எனக்கு ராத்திரி. குட் மார்னிங்னு எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், ஒரு தடவை கூட நான் காலையப் பார்த்துச் சொன்னதில்ல. பிப்ரவரியில கடைய மூடிட்டாங்க. இனிமே மெஷினே பேசிக்குமாம். சரி போ, இனிமே மனுஷி மாதிரி ராத்திரி தூங்கலாம்னு படுத்தேன், தூக்கம் வந்தாத்தானே. வேலை போயிருச்சு, உடம்பு மட்டும் இன்னும் ஒஹாயோவிலயே உக்காந்திருக்கு. விடியக்காலம் நாலரை அஞ்சு மணி வரைக்கும் முழிச்சுக்கிட்டு, பதினொன்றரை வரைக்கும் பொணமாத் தூங்குவேன். டாக்டர் அதைத்தான் சொன்னாங்க, பிளேன்ல போறவங்களுக்கு ரெண்டு நாள், மிஞ்சினா ஒரு வாரம், நீங்க டிக்கெட் வாங்காமலே பன்னிரண்டு வருஷம் பறந்திருக்கீங்கம்மான்னு. அங்க காத்திருக்கும்போது எனக்குப் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருந்தாரு, மாசத்துக்கு ரெண்டு தடவை டொரன்டோ போய் வர்றவரு, அவருக்கும் இதே விளக்குதானாம். மேக்கால பறந்தா உடம்பு சீக்கிரம் ஒத்துக்குமாம், கிழக்கால பறந்தா மல்லுக்கு நிக்குமாம். ஏன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். அந்த அரிசிக்கு இருபத்துநாலு மணி நேரம் பத்தாதாம், அதை விட்டா நாளைக் கொஞ்சம் இழுத்துக்கிட்டே போகுமாம், நேரம் கழிச்சுத் தூங்குறது அதுக்குச் சுலபம், முன்னாடி தூங்குறதுதான் கஷ்டம். தினமும் காலை வெளிச்சம் வந்து காதைத் திருகித் திருகி அதைச் சரி பண்ணி வெக்குதாம். அப்போ உலகத்துல அத்தனை பேருக்கும் தினமும் இது நடக்குது, யாருக்கும் தெரியலை. பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன், கோலம் போடுறவ, எல்லார் காதும் திருகப்படுது. எனக்கு மட்டும்தான் மூவாயிரத்து ஐநூறு ரூபா விளக்கு.

அந்த விளக்கு மேல ஓரத்துல இன்னும் லேசாக் குங்குமம் ஒட்டியிருக்கு. துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன், பிளாஸ்டிக்ல ஏறிப் போச்சு. அதை நினைச்சா இப்பவும் என் தலையில நானே கொட்டிக்கணும் போல இருக்கு. டாக்டர் என்ன சொன்னாங்க? நீங்க தானா எழுந்திருக்கிற நேரம் எதுவோ, பதினொன்றரையோ பன்னிரண்டோ, எழுந்ததும் விளக்கு முன்னால உக்காருங்க, மூணு நாளைக்கு ஒரு தடவை அரை மணி முன்னால நகர்த்துங்கன்னு. நல்லாத் தெளிவாச் சொன்னாங்க. நானும் தலைய ஆட்டிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் புத்தி வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு. விளக்கு, அதுவும் உடம்பைச் சரி பண்ற விளக்கு, உச்சி வெயில்ல யாராவது போடுவாங்களா? பதினொன்றரைக்கே எவ்வளவோ குணம் குடுக்கும்னா பிரம்ம முகூர்த்தத்துல எவ்வளவு குடுக்கும்? எப்படியும் நாலரைக்கு முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கோம். குளிச்சேன். விளக்குக்குச் சந்தனம், குங்குமம் வெச்சேன், ரெண்டு செம்பருத்தியும் சாத்தி, கிழக்கு பார்த்து உக்காந்து, அரை மணியென்ன, முக்கால் மணி. மனசுக்கு அவ்வளவு நிம்மதி. அதுக்கப்புறம் படுத்தா அஞ்சரை ஆச்சு, தூக்கம் வரலை. அடுத்த வாரம் ஆறரை. அதுக்கடுத்த வாரம் எதிர் வீட்டுப் பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்புற சத்தம் கேக்கும்போதுதான் கண்ணைச் சொருகும், எழுந்திரிச்சா ரெண்டு மணி. தாம்பாளத்துல தட்சணை மட்டும்தான் வெக்கலை நான். மூணு வாரம் கழிச்சு டாக்டர்கிட்ட போய், உங்க விளக்கு வேலை செய்யலைன்னு சண்டைக்கு நின்னேன். எத்தனை மணிக்கு உக்காந்தீங்கன்னு கேட்டாங்க. பெருமையாச் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்தாங்க. அப்புறம் ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு மேடுன்னு கோடு போட்டாங்க. இது உங்க உடம்புச் சூடு. இந்தப் பள்ளம் மத்தவங்களுக்கு விடியக்காலம் நாலு மணி, உங்களுக்கு அது காலை ஒன்பது மணி. பள்ளத்துக்கு அப்புறம் வெளிச்சம் பட்டா விடிஞ்சுருச்சுன்னு கடிகாரம் முன்னால வரும். பள்ளத்துக்கு முன்னாடி பட்டா இன்னும் பொழுது சாயலை போலிருக்குன்னு பின்னால போயிரும். நாலரை மணி ஊருக்குத்தான் பிரம்ம முகூர்த்தம், உங்க உடம்புக்கு அது ராத்திரி பதினொன்றரை. ஊஞ்சலைத் தப்பான நேரத்துல தள்ளிட்டீங்கம்மா, அவ்வளவுதான், தள்ளினது வீண் இல்ல, விளக்கு நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுபோச்சு பாருங்கன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு, அதோட சிரிப்பும் வந்துருச்சு. ஒரே வெளிச்சம், ஒரு பக்கம் பட்டா மருந்து, இன்னொரு பக்கம் பட்டா வினை. அந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு தெரியாமத்தான் இத்தனை வருஷம் நடந்திருக்கேன்.

நெய் வாசனை. செண்பகம் நெய் ஊத்துறா. வயித்துக்குள்ள ஏதோ உருண்டு திரும்புது, பசி! ஆறேகாலுக்குப் பசி! இதைப் பாருங்கடா. வயித்துக்குன்னு தனியா ஒரு கடிகாரம் இருக்காம், அது வெளிச்சத்தைப் பார்க்காது, சோத்தைத்தான் பார்க்கும். ராத்திரி ரெண்டு மணிக்குப் புரோட்டா தின்னுட்டு இருந்தா கண்ணு ஒரு நேரம் சொல்லும், வயிறு ஒரு நேரம் சொல்லும், வீட்டுக்குள்ள ரெண்டு நாத்தனார் மாதிரி ஆயிரும். அதனால எட்டு மணிக்கு மேல வாயைக் கட்டணும், சாயங்காலம் சின்னதா ஒரு மாத்திரை, அது தூக்க மாத்திரை இல்ல, பொழுது சாயுதுன்னு உடம்புக்குச் சொல்ற மாத்திரை, அப்புறம் லைட்டு வெளிச்சம் கண்ணுல ஏறாம இருக்க ஆரஞ்சு கண்ணாடி. அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு மாடியில துணி எடுக்கப் போனப்போ கீழ் வீட்டு மேரி, என்னக்கா வில்லன் கணக்கா இருக்கீங்கன்னா. இருந்துட்டுப் போறேன். மதியம் ரெண்டு மணி வரைக்கும் போயிருந்த எழுந்திருக்கிற நேரத்தை அரை மணி அரை மணியா ஆறுக்கு இழுத்துட்டு வந்திருக்கேன், வேற எவளாவது செய்யட்டும் பார்ப்போம். ஆனா இது ஒரு வாரமாத்தான். ஒரு வாரம் ஒரு பழக்கமா? நாளைக்கு வழுக்கிருச்சுன்னா? ஒரு கல்யாண வீடு, ஒரு காய்ச்சல், ஒரு ராத்திரி கண் முழிச்சாப் போதும், அரிசி திரும்ப ஒஹாயோவுக்கு ஓடிரும். டாக்டரே சொன்னாங்க, லீவு நாள்லயும் இதே நேரம்தான், ஞாயித்துக்கிழமைன்னு அரிசிக்குத் தெரியாதுன்னு. வயசுக்கும் இப்படியா? வயசுக்கும் இப்படித்தான் போல. இருக்கட்டுமே. இனியா பெரியவளாகிற வரைக்கும் தாங்கினாப் போதும்.

அவ வயித்துல இருந்தப்போவும் ஏழாம் மாசம் வரைக்கும் நான் ராத்திரி வேலை பார்த்தேன். இது வந்து வந்து முட்டுது, இதை நினைக்கக் கூடாதுன்னு செவுத்தைப் பார்த்தா செவுத்துல இருந்தே வருது. வயித்துக்குள்ள வெளிச்சம் ஏது, பிள்ளைக்கு அம்மா ரத்தம்தான் ராத்திரி பகல் சொல்லுமாம். அப்போ நான் என்ன சொல்லியிருக்கேன் அதுகிட்ட? சூரியன் சுடும்போது தூங்குடா கண்ணு, எல்லாரும் தூங்கும்போது ஹெட்போன் மாட்டுன்னு சொல்லியிருக்கேன். டாக்டர்கிட்ட கேட்டே புட்டேன், என் பிள்ளை கடிகாரத்தை அவ பொறக்கும் முன்னாடியே நான் கெடுத்துட்டேனான்னு. அந்தம்மா முதல் தடவையா என் கையைப் பிடிச்சாங்க. எந்தக் குழந்தைக்கும் பொறந்து ரெண்டு மூணு மாசத்துக்கு ராத்திரி பகல் தெரியாது, அப்புறம் அதுவே வெளிச்சத்தைப் பார்த்துக் கத்துக்கும், உங்க பொண்ணு எத்தனை மணிக்கு எழுந்திருக்கான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொன்னேன். அவ எழுந்திருக்கிற நேரம் நான் கதவைச் சாத்தி, கறுப்புத் திரையப் போட்டு, பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருப்பேன். அவ அப்பாதான் தலை பின்னுவாரு, ரெட்டை ஜடை, ஒரு பக்கம் மேல ஒரு பக்கம் கீழ. அம்மா தூங்குறாங்க, சத்தம் போடாதேன்னு அவரு சொல்ற சத்தம்தான் எனக்குக் காதுல விழுந்திருக்கு. அவமானமா இருந்துச்சு. ஒஹாயோல எந்த ஆஸ்பத்திரியில எத்தனை மணிக்கு கவுன்ட்டர் திறக்கும்னு எனக்கு மனப்பாடம். என் வீட்டுல என் பிள்ளை எத்தனை மணிக்குக் கண்ணைத் திறக்கும்னு தெரியாது.

இன்னும் கொஞ்ச நேரந்தான். விளக்குல சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி இருக்கு, நேரம் முடிஞ்சா அது அணையும். அதுக்கப்புறம் போய் எழுப்பணும். எழுப்பணும். நேத்துல இருந்து எல்லாத்தையும் யோசிச்சு வெச்சேன், சீருடை தேய்ச்சாச்சு, ரிப்பன் வாங்கியாச்சு, எலுமிச்சம் சாதத்துக்குப் பழம் பிழிஞ்சு வெச்சாச்சு, இதை மட்டும் யோசிக்கவே இல்ல. ஒரு பிள்ளைய எப்படி எழுப்புறது? பேரைச் சொல்லிக் கூப்பிடுறதா, தொடுறதா? எங்கம்மா என்னை எழுப்பினது ஃபேனை அணைச்சு. ஃபேனை அணைச்சுட்டு, எழுந்திரிடி, பொழுது விடிஞ்சு எம்புட்டு நேரம்னு போர்வையையும் உருவிட்டுப் போயிருவாங்க, நான் வேர்த்துப் போய், கோவத்துல எழுந்திருப்பேன். நான் அப்படிச் செய்யலாமா? பிள்ளைய வேர்க்க விட்டு எழுப்பினா அன்னிக்கெல்லாம் அவளுக்கு என்ன மாதிரி இருக்கும்? அவரு எப்படி எழுப்புவாரு? நேத்து போன்ல வாய் வரைக்கும் வந்துச்சு, என்னங்க, பாப்பாவ எப்படிங்க எழுப்புவீங்கன்னு. கேக்க வெக்கமா இருந்துச்சு. பெத்தவ கேக்குற கேள்வியா இது? செண்பகத்துக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு மாசமா அவதானே எழுப்புறா. அடுப்படி வாசல்ல வந்து நின்னுட்டா, கையில கரண்டி. என்னைப் பார்க்கிறா, விளக்கைப் பார்க்கிறா. “நிஜமாவே எழுந்துட்டீங்களே அண்ணி.” “எழுந்துட்டேனே.” “ராத்திரி தூங்கினீங்களா, இல்ல முழிச்சே இருந்தீங்களா?” “தூங்கினேன் செண்பகம். பத்தரைக்கே தூங்கிட்டேன். கொறட்டை கேக்கலையா?” “கேட்டுச்சு, கேட்டுச்சு.” சிரிக்கலாமா வேண்டாமான்னு அவளுக்குத் தெரியலை. மணியப் பார்த்தா. “நான் வேணா போய் எழுப்பட்டுமா? அவ லேசுல எழுந்திரிக்க மாட்டா. உங்களுக்குப் பழக்கம் இல்ல.” பழக்கம் இல்லதான். அவ உள்ள போய் ரெண்டு தட்டு தட்டினா இனியா எழுந்திருவா, எல்லாம் ஒழுங்கா நடந்துரும். வேண்டாம் செண்பகம், நானே எழுப்புறேன்னேன். சிவப்புப் புள்ளி அணைஞ்சுருச்சு.

ரூம்ல ஃபேன் ஓடுது. ஜன்னல் திரைக்கு அடியில வெளிச்சம் ஒரு சாண் தரையில கிடக்கு. இனியா குப்புறப் படுத்து, ஒரு காலைத் தலகாணி மேல போட்டு, வாய் திறந்து தூங்குறா. ரெண்டு மாசத்துல கன்னம் வெச்சிருக்கு, அத்தை வீட்டுச் சோறு. காலை வெளிச்சத்துல இவ முகத்தை நான் பார்த்தது எப்போ? நெத்தியில முடிக்குக் கீழ ஒரு சின்னத் தழும்பு இருக்கே, இது எப்போ விழுந்துச்சு, யார்கிட்ட அழுதா இதுக்கு? இமைக்குள்ள கண்ணு அசையுது. கனவு காணுறா. கனவு நடுவுல எழுப்பினா அது என்ன ஆகும், பாதியிலயே நின்னு போயிருமா? ஸ்விட்சுகிட்ட கைய வெச்சேன், எடுத்துட்டேன். மாட்டேன். கட்டில்ல உக்காந்தேன். பாப்பான்னேன். சத்தமே வரலை. ராத்திரி முழுக்க யார் யாருக்கோ கணீர்னு பேசின தொண்டை. முதுகுல கைய வெச்சேன், பனியன் வழியாச் சூடு. “இனியா. பாப்பா. எழுந்திரு தங்கம்.”

கண்ணைத் திறந்தா. என்னைப் பார்த்தா. ஜன்னலைப் பார்த்தா. திரும்ப என்னைப் பார்த்தா. சட்டுனு எழுந்து உக்காந்தா, தூக்கமெல்லாம் எங்கயோ போயிருச்சு, கண்ணு ரெண்டும் பெருசா இருக்கு.

“யாரும்மா செத்துட்டாங்க?”

எனக்கு ஒண்ணும் புரியலை. என்னடி சொல்றேன்னு கேக்கப் போறதுக்குள்ள புரிஞ்சுருச்சு. எங்கப்பா செத்த அன்னிக்கு. ராத்திரி வேலையில இருந்தப்போ தகவல் வந்து, வீட்டுக்கு ஓடி வந்து, விடிஞ்சதும் இவளை நான்தான் தொட்டு எழுப்பினேன், இவளுக்கு அப்போ அஞ்சு வயசு, இதே மாதிரி கட்டில்ல உக்காந்து, பாப்பா எழுந்திருன்னு. ஒரே ஒரு தடவை. எனக்கு மறந்தே போச்சு. இவளுக்கு மறக்கலை. காலைல அம்மா முகம் தெரிஞ்சா யாரோ செத்துட்டாங்கன்னுதான் இவளுக்குக் கணக்கு. அப்பாவுக்கா, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லியேம்மான்னு என் கையைப் பிடிச்சு உலுக்குறா.

“யாருக்கும் ஒண்ணும் இல்லடி. அப்பா ஓசூர்ல நல்லா இருக்காரு. சும்மாதான்டி எழுப்பினேன். விடிஞ்சிருச்சு. ஸ்கூலு.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“நீ ஏன் அழுவுற அப்போ?”

“வெளிச்சம்டி. கண்ணு கூசுது.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. நம்பலாமான்னு பார்க்கிறா. அப்புறம் அந்த உடம்பு மெல்லத் தளர்ந்துச்சு, தோள் இறங்குச்சு, பெருசா ஒரு கொட்டாவி விட்டா. அப்படியே சரிஞ்சு திரும்பப் படுத்து, என் கையை இழுத்துக் கன்னத்துக்கு அடியில வெச்சுக்கிட்டு, கண்ணை மூடிட்டா. “அப்போ இன்னும் அஞ்சு நிமிஷம்மா.”

எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியலை. குடுக்கலாமா, கூடாதா? இதையெல்லாம் யாரு சொல்லித் தருவாங்க? கையை உருவ மனசு வரலை, வேன் வந்துருமேன்னு பயமா இருக்கு. வாசப்பக்கம் திரும்பினேன். செண்பகம் நிலையில சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தா. எப்போ வந்தான்னு தெரியலை. எல்லாத்தையும் கேட்டிருக்கணும், மூக்கைப் புடவைத் தலைப்புல துடைச்சா.

“எழுந்தாளா?”

“அஞ்சு நிமிஷம் கேக்குறா செண்பகம்.”

“குடுக்காதீங்க அண்ணி,” கரண்டியோட அடுப்படிப் பக்கம் திரும்பிக்கிட்டே சொன்னா, “அப்புறம் தினமும் கேப்பா.”